கிளையில் காத்திருக்கும் குட்டி

படைப்பினங்களைப் பார்ப்போம் (மாதத் தொடர்)

ஆவடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதம் ஆசிரியர் குழுவின் வழியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. இஷா தொழுகை முடிந்த நேரம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்தில் இரண்டு கண்கள் நெருப்புத் துண்டுகளைப் போல மின்னினவாம். சிறிது நேரத்தில் அந்த உருவம் கேபிள் கம்பியின் மேல் ஏறி, நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விட்டதாம். அவருடைய மாமியார் அதனைத் தேவாங்கு என்கிறார். தேவாங்கின் பார்வை பட்ட வீட்டில் பிள்ளைகள் உருக்குலைந்து மெலிவார்கள் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டதிலிருந்து, ஆறு வயது மகள் நடுச்சாமத்தில் அலறி எழுகிறாள். பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சந்தைக்கு வரும் ஒருவரிடம் தேவாங்கின் முடியை அடைத்த தாயத்து கிடைக்கிறது, விலை 700 ரூபாய், வாங்கிக் கட்டலாமா என்று கேட்டிருந்தார்.

முதல் ஐயத்தைத் தீர்ப்பது எளிது. தேவாங்குக்கு வால் கிடையாது. வாலே இல்லாத ஒரு பிராணி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பியில் நடக்க இயலாது. சகோதரி கண்டது மரநாய். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் தோப்புகளும் கொல்லைகளும் மாடி வீடுகளாக மாறிய பின்னரும், மாம்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் ஆசைப்பட்டு ஊரை விட்டுப் போகாமல் இருந்துகொண்டிருக்கும் சாதுவான விலங்கு அது. அதனைப் பற்றிப் பிறிதொரு மாதம் விரிவாக எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

இரண்டாவது கேள்விதான் என்னைச் சில இரவுகள் உறங்கவிடவில்லை. காரணம், தேவாங்குக்கு நான் ஒரு கடன் பட்டவன். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பழைய கடன். அதனைச் சொல்வதற்கு முன், அந்தப் பிராணி எத்தகையது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர்க்குத் தேவாங்கு ஒரு விலங்காக அறிமுகமாகவில்லை, வசவாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது. மெலிந்து, கண் பெருத்து, சோர்ந்து நிற்கும் பிள்ளையைக் கண்டால், 'தேவாங்கு மாதிரி நிற்கிறான் பார்' என்கிறோம். முப்பத்து மூன்று ஆண்டுகள் உயிரியல் கற்பித்த நானே, வகுப்பில் ஒரு மாணவனை ஒருமுறை அவ்வாறு அழைத்திருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

நம் தமிழகத்துத் தேவாங்கு கால் கிலோ முதல் முந்நூறு கிராம் வரை எடையுள்ளது. உள்ளங்கையில் அடங்கிவிடும் உடல். அதற்குச் சற்றும் பொருந்தாத நீண்ட, குச்சி போன்ற கைகால்கள். சாம்பல் நிற மென்மயிர். முகத்தின் பெரும்பகுதியைக் கண்களே எடுத்துக்கொள்கின்றன. விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அமைந்திருக்கிறது. விழித்திரையைக் கடந்து சென்ற மங்கலான வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டு மீண்டும் ஒருமுறை விழித்திரையின் வழியே திரும்புவதால், நிலவில்லாத இரவிலும் ஓர் எறும்பின் அசைவு அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை. இருளில் நாம் விளக்கடிக்கும்போது அக்கண்கள் கனல்வதும் இந்தப் படலத்தினால்தான். பூனைக்கும் மாட்டுக்கும் இதே அமைப்பு உண்டு. மாட்டின் கண் மின்னுவதைக் கண்டு யாரும் தாயத்துத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்விலங்கின் உறவினர் யார் என்பது ஒரு சுவையான கதை. பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் 'மடகாஸ்கர்' திரைப்படத்தில், கறுப்பு வெள்ளை வளையங்கள் இட்ட வாலுடன் ஆடிப் பாடும் ஓர் அரசர் வருவார். அவர் லெமூர் இனத்தைச் சேர்ந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் வகைகள் உள்ளன. அவை அனைத்தும் மடகாஸ்கர் தீவையும் அதனையடுத்த கொமொரோ தீவுகளையும் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. குரங்குகளும் மனிதக் குரங்குகளும் ஒரு கிளை என்றால், லெமூர்களும் தேவாங்குகளும் இன்னொரு பழைய கிளை. நாயைப் போன்ற ஈர மூக்கும், சீப்பைப் போல முன்னோக்கி நீண்ட கீழ்ப்பற்களும், காலின் இரண்டாம் விரலில் மட்டும் மயிர் கோதுவதற்கென ஒரு கூர்நகமும் இரண்டிற்கும் பொது. 1758 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயரிட்டு வரிசைப்படுத்தியபோது, வளைய வால் லெமூரையும் தேவாங்கையும் 'லெமூர்' என்ற ஒரே பெயரின் கீழ்தான் வைத்தார். இறந்தோரின் ஆவிகளைப் பழைய ரோமானியர் அழைத்த பெயர் அது. இரவில் நடமாடுவதையும் மெல்ல அசைவதையும் கண்டு அவ்வாறு பெயர் வைத்தார். ஆக, ஆவடி மாமியாருக்கு முன்பே ஐரோப்பியப் பேரறிஞர் ஒருவரும் இதனைப் பேயோடுதான் சேர்த்து எண்ணியிருக்கிறார்!

கதை அத்துடன் முடியவில்லை. மடகாஸ்கரில் லெமூர்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தேவாங்குகள், இடையில் பெருங்கடல். நீந்தத் தெரியாத இவை எவ்வாறு பிரிந்து போயின? 1864 இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், இவ்விரண்டு நிலங்களையும் இணைத்த ஒரு கண்டம் கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி, லெமூர்களின் பெயரால் அதற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். நாம் பள்ளியில் படித்த, மேடைகளில் குமரிக் கண்டம் என்று முழங்கக் கேட்ட அதே லெமூரியாதான். கண்டங்களே நகர்கின்றன என்பது தெரியவந்தபின், மூழ்கிய கண்டம் என்ற கருத்தை நிலவியலார் கைவிட்டனர். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து ஏறத்தாழ எட்டுக் கோடியே எண்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்றும், லெமூர்களின் மூதாதையர் அதற்கு வெகு காலம் பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரத்திரள்களில் ஒதுங்கி மடகாஸ்கரை அடைந்திருக்க வேண்டும் என்றும் இன்று பெரும்பாலோர் கருதுகின்றனர். நம் ஊர் வசவுச் சொல்லாகிவிட்ட இந்தப் பிராணியின் சுற்றத்தாருக்காக ஒரு கண்டமே கற்பிக்கப்பட்டது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி அதன் வாழ்க்கையைப் பார்ப்போம். திண்டுக்கல்லுக்கும் திருச்சிக்கும் இடையில் இருப்புப் பாதையை ஒட்டி அய்யலூர் என்ற ஊர் இருக்கிறது. வேலும் உசிலையும் கிளுவையும் கள்ளியும் மண்டிய வறண்ட காடு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பயணிகள் கண்ணை மூடிக்கொள்ளும் நிலப்பகுதி. உலகில் தேவாங்கைப் பற்றி இன்று அறியப்பட்டவற்றுள் பெரும்பங்கு இந்த முட்காட்டிலிருந்து கிடைத்தது. 1990களின் இறுதியில் நெகாரிஸ் என்ற பெண் ஆய்வாளரும், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மேவா சிங், சிந்து ராதாகிருஷ்ணா ஆகியோரும் இங்கு இரவிரவாக விளக்குடன் நடந்து தேவாங்குகளைப் பின்தொடர்ந்தனர்.

மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வேளையில் விழித்து, பஜ்ருக்கு முன் உறங்கப் போகும் பிராணி இது. பகல் முழுவதும் முள் அடர்ந்த மரத்தில், ஒன்றையொன்று தழுவிய பந்தாக மூன்று, நான்கு, சில வேளை ஏழு வரையும் கூடி உறங்குகின்றன. எந்தப் பருந்தும் பாம்பும் எளிதில் நுழைய இயலாதபடி முள்ளையே கோட்டையாக ஆக்கிக்கொள்கின்றன. இருட்டியதும் ஒன்றையொன்று கோதிக்கொண்டு, பின்பு தத்தம் வழியே பிரிகின்றன. அதன்பின் இரவில் பெரும்பாலும் தனிமைதான். தொலைவிலிருந்து சீட்டியடிப்பதைப் போன்ற கூரிய குரலால் ஒன்றுக்கொன்று தம் இருப்பிடத்தை அறிவித்துக்கொள்கின்றன.

உணவு ஏறத்தாழ முழுவதும் பூச்சிகள். எறும்பு, கறையான், வண்டு, வெட்டுக்கிளி, சில நேரம் சிறு பல்லி. வேல மரத்துப் பிசினையும் நக்கும். மெல்ல மெல்ல, ஓர் இலையும் அசையாமல் கையை நீட்டி, இறுதி விரற்கடை தூரத்தில் மட்டும் மின்னலாகப் பற்றிக்கொள்ளும். சோம்பேறி என்று நாம் எண்ணுவது அதன் வேட்டை முறை. கைகால்களின் இரத்தக் குழாய்கள் வலை போலப் பின்னி அமைந்திருப்பதனால், ஒரு கிளையைப் பல மணி நேரம் இறுகப் பிடித்திருந்தாலும் அதற்குக் கை மரத்துப் போவதில்லை என்பர்.

உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. மற்றப் பிராணிகள் தொடத் தயங்கும் கடிக்கும் எறும்புகளையும் நாற்றமடிக்கும் பூச்சிகளையும் இது தின்றுவிடும். அவற்றின் கடியிலிருந்து தப்ப ஒரு வழியையும் கையாள்கிறது. சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள்: தன் சிறுநீரால் கைகால்களை நனைத்துக்கொள்கிறது. எறும்புக்கடியின் எரிச்சல் அதனால் தணியலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தொழுகைச் சுத்தம் பேணும் நமக்கு அருவருப்பாகத் தோன்றும் ஒன்று, அந்தச் சிற்றுயிருக்கு மருந்தாகியிருக்கிறது.

தேவாங்கால் தாவ இயலாது. குரங்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பாயும். தேவாங்கோ ஒரு கிளையைப் பற்றிய கையை விடுவதற்கு முன் அடுத்த கிளையைப் பற்றியாக வேண்டும். கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அதன் உலகம். இதனை நினைவில் வைத்திருங்கள்; பின்னால் வருகிறேன்.

ஆண்டிற்கு இரு பருவங்களில் இவை குட்டி ஈனுகின்றன. கர்ப்பகாலம் ஐந்தரை மாதம். ஒரு சிறு பிராணிக்கு இது மிக நீண்ட காலம். பூனைக்கு இரண்டு மாதமே போதும். ஈனுவது ஒன்று அல்லது இரட்டை. பிறந்த குட்டியின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். முதல் நான்கு வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் போகுமிடமெல்லாம் போகிறது. அதன் பிறகு தாய் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்குகிறாள். மாலையில் உறங்குமிடத்தை விட்டுக் கிளம்பும்போது குட்டியை ஒரு கிளையில் அமர்த்திவிட்டு, தான் மட்டும் இரை தேடப் போய்விடுகிறாள். குட்டி இரவு முழுவதும் தனியே அங்கே இருக்கிறது. சிறிது நகர்ந்து பழகும். இலையைக் கடித்துப் பார்க்கும். பூச்சி பிடிக்க முயலும். கூட்டத்தைச் சேர்ந்த ஆண் தேவாங்குகள் இடையிடையே வந்து அதனுடன் விளையாடுவதையும், மயிர் கோதிவிடுவதையும் அய்யலூரில் பதிவு செய்திருக்கின்றனர். வெளுக்கும் முன் தாய் தவறாமல் திரும்பி வருகிறாள்.

இந்த ஒரு செய்தியை அறியாததனால்தான் நான் கடனாளியானேன்.

1969 ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. அத்தாவுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை. ஏரிக்கரையை ஒட்டி ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். வடமதுரைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த மாமு, ஆண்டுக்கு இருமுறை புளியும் வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வருவார். அந்த முறை அவர் கையில் மூடி கட்டிய ஒரு பனையோலைப் பெட்டியும் இருந்தது.

"தம்பிக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன். கெணத்து மேட்டு வேலியில தன்னந்தனியாக் கெடந்துச்சு. தாயி விட்டுட்டுப் போயிருச்சு போல, பாவம்," என்றார்.

பெட்டிக்குள் கந்தைத் துணியின் நடுவில் ஒரு சிறு தேவாங்குக் குட்டி. என் சுட்டு விரலைக் கொடுத்தேன். அது தன் ஐந்து விரல்களாலும் பற்றிக்கொண்டது. அத்தனை சிறிய கையில் அத்தனை பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீடே அதனைக் கொண்டாடியது. நன்னி தன் பங்குப் பாலில் பஞ்சுத் திரியை நனைத்து அதன் வாயில் வைத்தார். அம்மா வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தார். பள்ளியிலிருந்து தோழர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நண்பகல் வெயிலில் திண்ணையில் வைத்து நான் காட்சி நடத்தினேன். அது முகத்தைத் தன் வயிற்றுக்குள் புதைத்துக்கொள்ளும். நாங்கள் சிரித்துக்கொண்டே நிமிர்த்துவோம். இருட்டுக்கென அமைந்த அந்தக் கண்களுக்குப் பகல் வெளிச்சம் என்ன செய்யும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? பூச்சி தின்று வளரவேண்டிய உயிருக்குப் பசும்பாலும் பழமும் என்ன செய்யும் என்றும் தெரியாது. அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இரவில் அது 'ட்சிக், ட்சிக்' என்று மெல்லிய ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் இரவு தஹஜ்ஜுதுக்கு எழுந்த நன்னி பெட்டியருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். காலையில் அத்தாவிடம், "இது பசிக்குக் கத்தல, வாப்பா. யாரையோ கூப்பிடுது. இருந்த எடத்துலயே கொண்டு போய் விட்டுருங்க," என்றார். அத்தாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமு அதற்குள் ஊர் திரும்பிவிட்டிருந்தார். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார் அத்தா.

ஒன்பதாம் நாள் காலை பெட்டிக்குள் அசைவில்லை. கொல்லை முருங்கையடியில் புதைத்தோம். அல்லாஹ் கொடுத்தது, அவனே எடுத்துக்கொண்டான் என்று நன்னி எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் அவர் மாமுவின் பெயரைச் சொல்லவே இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியனாகிவிட்ட பிறகு, அய்யலூர் ஆய்வுகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் 'தாய் குட்டியைக் கிளையில் அமர்த்திச் செல்லும்' என்ற செய்தியைப் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாமுவின் கிணற்று மேட்டு வேலியில் அந்தக் குட்டி தன்னந்தனியே கிடக்கவில்லை. அதன் தாய் அதனை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். விடியும் முன் திரும்பி வந்திருப்பாள். வெறுங்கிளையைக் கண்டிருப்பாள்.

மாமு கெட்ட எண்ணத்தில் எடுத்து வரவில்லை. இரக்கப்பட்டுத்தான் எடுத்து வந்தார். ஆனால் எல்லாரும் இரக்கத்தால் எடுப்பதில்லை. இங்குதான் தாயத்துக்காரர் வருகிறார். என் இளமையில் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும், இடுப்பில் கயிறு கட்டிய தேவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு குறி சொல்பவர்களையும் சீட்டு எடுக்கச் செய்பவர்களையும் தாராளமாகக் காணலாம். அதன் மயிரை அடைத்த தாயத்து பிள்ளைகளின் பயத்தைப் போக்கும் என்றும், அதன் கண் பார்வைக் கோளாற்றுக்கு மருந்து என்றும், வசிய மருந்துக்கு உதவும் என்றும் சொல்லி விற்றனர். பெரிய கண்ணுள்ள பிராணியின் கண், மனிதக் கண்ணுக்கு மருந்தாகும் என்று யாரோ கற்பனை செய்திருக்கிறார்கள். இதனை விட்டால் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. இந்தக் கற்பனைக்காக எத்தனை தேவாங்குகள் உயிருடன் கண் பறிக்கப்பட்டனவோ, இறைவன்தான் அறிவான்.

தாயத்தைப் பற்றி மார்க்கம் கூறுவதை இவ்விதழில் ஆலிம்கள் எழுதுவார்கள். அது என் துறையன்று. விலங்கியல் ஆசிரியன் என்ற முறையில் சகோதரிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தக் குழாய்க்குள் இருப்பது ஆட்டு மயிராக இருந்தால் உங்கள் 700 ரூபாய் வீண். உண்மையிலேயே தேவாங்கு மயிராக இருந்தால், ஓர் உயிரின் வதையை நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அத்துடன் குற்றத்திலும் பங்காளியாகிறீர்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், தேவாங்கும் இருக்கிறது. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும், அதன் உறுப்பை வைத்திருப்பதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஏழு ஆண்டு வரை நீளலாம்.

சட்டத்தின் அச்சத்தாலும், பிள்ளைகள் படித்துவிட்டதாலும் குறி சொல்பவர்களின் தோளில் இன்று தேவாங்கைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆயினும் அதன் ஆபத்து நீங்கவில்லை. கிளையோடு கிளை தொட்டால்தான் அதனால் நகர முடியும் என்றேன் அல்லவா? ஒரு சாலை அகலமாகிறது; இருபுறமும் தொட்டுக்கொண்டிருந்த புளியமரங்கள் வெட்டப்படுகின்றன. ஒரு தோட்டத்து உயிர்வேலி அகற்றப்பட்டுக் கம்பி வேலி வருகிறது. நமக்கு அது இருபதடி இடைவெளி. தேவாங்குக்கோ மண்ணில் இறங்கி நடக்கவேண்டிய பாலைவனம். தரையில் அது மிகவும் தடுமாறும். நாயும் லாரியும் அதனை முடித்துவிடுகின்றன. மரத்துக்குப் பதிலாக மின்கம்பியைப் பற்றியவை கருகிப் போகின்றன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழக அரசு, கரூர் மாவட்டம் கடவூர் வட்டத்திலும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களிலும் பரந்துள்ள 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்த உயிருக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. புலிக்கும் யானைக்கும் சரணாலயம் அமைப்பது வழக்கம். கால் கிலோப் பிராணிக்கு, அதுவும் நாம் வசவாகப் பயன்படுத்திய ஒன்றுக்கு, அமைத்தது பாராட்டத்தக்கது. ஆனால் தேவாங்குகள் சரணாலய எல்லைக்கல்லைப் பார்த்து வாழ்வதில்லை. அவற்றுள் பல, எல்லைக்கு வெளியே உழவர்களின் வேலிகளிலும் தோப்புகளிலும்தான் வாழ்கின்றன.

மாமு மறைந்து நெடுங்காலமாகிறது. தோட்டத்தை அவருடைய மகன், என் மச்சான், பார்த்து வருகிறார். சரணாலய அறிவிப்பு வந்த மறு ஆண்டு, அவர் வீட்டுத் திருமணத்திற்குப் போயிருந்தேன். இரவு உணவுக்குப் பின், "கெணத்து மேட்டுக்குப் போவோமா மச்சான்?" என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. வெள்ளை வெளிச்சம் அவற்றின் கண்ணை உறுத்தும் என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போனோம்.

கிணற்று மேட்டில் கிளுவை வேலி அப்படியே இருந்தது. கம்பி வேலி போடுவதற்கு இருமுறை ஆள் வந்து விலை பேசியும் மச்சான் ஒப்பவில்லையாம். "இருக்கட்டும், இதுல பூச்சி புடிக்க ஆளுக இருக்காங்க," என்று சிரித்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் காணவில்லை. நான் திரும்பலாம் என்று நினைத்தபோது, மச்சான் என் தோளைத் தொட்டார். வேலிக்குள் ஆள் உயரத்தில் இரண்டு செம்பொறிகள். சற்று உற்று நோக்கியதும் உருவம் தெரிந்தது. ஒரு குட்டி. இரண்டு கைகளாலும் கிளையைப் பற்றிக்கொண்டு எங்களையே பார்த்தது. சுற்றிலும் வேறு ஒன்றும் இல்லை. தன்னந்தனியாக, மாமு சொன்ன அதே சொல்லின்படி, தன்னந்தனியாக.

நாங்கள் அருகே போகவில்லை. தொலைவில் கிணற்றுக் கட்டில் அமர்ந்துகொண்டோம். எழுபதை நெருங்கும் மச்சானுக்குத் தூக்கம் வந்தது. துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் விழித்திருந்தேன். இடையில் ஒருமுறை எங்கிருந்தோ ஒரு சீட்டிக் குரல் கேட்டது. குட்டி தலையைத் திருப்பியது. பின் மீண்டும் ஒரு கொழுந்தை முகர்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு வெகுநேரம் இருள் மட்டும்தான்.

ஊர்ப் பள்ளிவாசலில் பஜ்ருடைய பாங்குக்கு இன்னும் சிறிது நேரம் இருந்தது. கிழக்கில் வெளுப்பு இல்லை. வேலியின் தென்கோடியில் ஒரு கிளை மெல்ல வளைந்தது. பின் அடுத்த கிளை. ஒரு கையை நீட்டிப் பற்றி, அடுத்த கையை விடுவித்து, அவசரமே இல்லாமல் தாய் வந்துகொண்டிருந்தாள். குட்டி இருந்த இடத்தை அடைந்ததும் நின்று முகர்ந்தாள். குட்டி கிளையை விட்டு அவள் வயிற்றைப் பற்றிக்கொண்டது. இருவரும் முள்ளுக்குள் மறைந்தார்கள். மச்சானை எழுப்பி, ஒளூ செய்யத் தண்ணீர் இறைக்கச் சொன்னேன்.

ஆவடிச் சகோதரிக்கு உடனே தனி மடல் எழுதிவிட்டேன். மகள் உறங்கும் அறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும் என்றும், தேவாங்கைத் தனியே கண்டால் தொடாமல் விட்டுவிட வேண்டும், அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதினேன். மகளுக்கென்று கீழே தனியாக ஒரு வரி: மாமரத்தில் வரும் அந்த மரநாயின் வால் எவ்வளவு நீளம் என்று அடுத்த முறை பார்த்து இந்தத் தாத்தாவுக்குச் சொல்ல வேண்டும்.

பத்து நாட்களில் பதில் வந்தது. வண்ணப் பென்சிலில் வரைந்த படம். ஒரு மாமரம், இரண்டு கண்கள், தாளின் ஓரம் வரை போய், இடம் போதாமல் மறுபக்கத்திலும் தொடரும் ஒரு வால்.